புரோக்டேல்: கழித்துவிட்ட பழங்களுக்குக் கிடைத்த ஊர்

2003ஆம் ஆண்டு பிரிட்டனின் வானிலைச் செய்திகளில் ஒரு குக்கிராமத்தின் பெயர் அடிபட்டது. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஃபேவர்ஷாம் என்ற பழைய துறைமுக ஊருக்குத் தெற்கே இருக்கும் புரோக்டேல். சில வீடுகள், ஒரு கிராமத்துச் சாலை, சுற்றிலும் தோப்பு. அவ்வளவுதான் ஊர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்த வெப்பமானி 38.5 டிகிரி செல்சியஸ் காட்டியது. பிரிட்டனில் அதுவரை பதிவான வெப்பத்திலேயே அதுதான் அதிகம். பாரன்ஹீட் கணக்கில் நூறு டிகிரியை அந்த நாடு முதன்முதலாகத் தாண்டியதும் அன்றுதான். 2019 ஜூலையில் கேம்பிரிட்ஜ் முந்தும்வரை, 16 ஆண்டுகள் அந்தச் சாதனை இந்தச் சின்ன ஊரின் பெயரில்தான் இருந்தது.

இத்தனை சிறிய ஊரில் வானிலை நிலையம் எதற்கு? மரங்களுக்காக. எந்த மரம் என்றைக்குப் பூத்தது, அதற்கு முன் எத்தனை நாள் குளிர் இருந்தது, பூத்தபின் பனி விழுந்ததா என்றெல்லாம் பல பத்தாண்டுகளாக எழுதிவைக்கிற இடம் அது. பிரிட்டனின் தேசியப் பழத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. சுமார் 150 ஏக்கரில் 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகள், 500க்கும் மேற்பட்ட பேரி வகைகள், நூற்றுக்கணக்கில் பிளம், செர்ரி. அப்புறம் திராட்சை, சீமைமாதுளை, ஹேசல் கொட்டை. மர வகைகள் ஒவ்வொன்றிலும் பொதுவாக இரண்டிரண்டு மரம், வரிசையாக, பெயர்ப் பலகையோடு. ஒரே இடத்தில் இத்தனை பழவகைகளை வைத்திருக்கும் தோட்டங்கள் உலகத்திலேயே மிகச் சில.

இந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நோவாவின் பேழை என்று சொல்லிவிடுவார்கள். வரலாற்றைப் பார்த்தால் விஷயம் நேர்மாறாக இருக்கிறது. காப்பாற்றுவதற்காக யாரும் இதைத் தொடங்கவில்லை. நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தலைமுறையும் இந்த மரங்களை ஒன்றாகச் சேர்த்தது. கழிப்பதற்காகச் சேர்த்த இடமே கழித்தவற்றுக்கெல்லாம் புகலிடமாகிவிட்டது. இதன் சுவாரசியமே அங்கேதான் என்பது என் எண்ணம்.

முதலில் மண். வட கென்டில், ஃபேவர்ஷாமைச் சுற்றியுள்ள பகுதியில், சுண்ணாம்புப் பாறைக்கு மேல் நுண்ணிய மண் ஆழமாகப் படிந்திருக்கிறது. பனியுகக் காலத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மண். வேர் தங்குதடையின்றி இறங்கும், தண்ணீர் தேங்காது, கோடையில் ஈரத்தையும் விடாது. செங்கல் சூளைக்காரர்களுக்கும் இதே மண்தான் வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனின் மஞ்சள் செங்கல் வீடுகளில் கணிசமானவை இந்தப் பகுதி மண்ணால் எழுந்தவை. பழம் விளைகிற மண்ணை வெட்டித்தான் பழம் வாங்கித் தின்கிறவர்களுக்கு வீடு கட்டினார்கள். இதோடு இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தைவிட இங்கே மழை குறைவு, வெயில் அதிகம். மழை குறைந்தால் ஆப்பிளில் சொறி நோயும் குறையும்.

இரண்டாவது, தண்ணீர் வழி. ஃபேவர்ஷாம் ஓடையிலிருந்து படகேறினால் தேம்ஸ் முகத்துவாரம் வழியாக லண்டனுக்குப் போய்விடலாம். தரைவழியில் ரோமானியர்கள் போட்ட வாட்லிங் தெரு இருந்தது. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் மாட்டுவண்டியில் குலுங்கிப்போன செர்ரியை யார் வாங்குவார்கள்? படகில் போனால் நசுங்காது.

மூன்றாவது, அரசனின் நாக்கு. 1533இல் எட்டாம் ஹென்றியின் பழத்தோட்டக்காரர் ரிச்சர்ட் ஹாரிஸ், ஃபேவர்ஷாமுக்கு மேற்கே சில மைல் தள்ளியிருக்கும் டெய்ன்ஹாமில் 105 ஏக்கர் நிலத்தில் தோப்பு வைத்தார். பிரான்சிலிருந்து ஆப்பிள் ஒட்டுக்குச்சிகளையும், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதியிலிருந்து செர்ரி, பேரி குச்சிகளையும் கொண்டுவந்தார். அங்கிருந்து குச்சிகள் சுற்றுவட்டார ஊர்களுக்குப் பரவின. நாற்பது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது. கென்ட்டைப் பற்றி 1570களில் எழுதிய வில்லியம் லம்பார்ட், டெய்ன்ஹாமும் அதைச் சுற்றிய முப்பது திருச்சபை வட்டாரங்களும் கென்டின் செர்ரித் தோட்டமாகவும் ஆப்பிள் தோப்பாகவும் விளங்குவதாகக் குறிப்பிட்டார். ‘இங்கிலாந்தின் தோட்டம்’ என்று கென்ட்டுக்குப் பெயர் வந்ததில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஹாரிஸ் எதைக் கொண்டுவந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விதையை அல்ல, குச்சியை. மேற்கொண்டு சொல்லப்போவது முழுக்க இதன்மீதுதான் நிற்கிறது.

ஆப்பிள் மரம் தன் பூவுக்குத் தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. வேறு வகை மரத்திலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. மிகச் சுவையான ஆப்பிளின் விதையை நட்டால் முளைப்பது பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமான ஏதோ ஒன்றாக இருக்கும். ஆயிரத்தில் ஒன்று அபூர்வமாக அமையும். அமைந்துவிட்டால் அதைப் பெருக்க ஒரே வழி, குச்சியை வெட்டி வேறு வேரில் ஒட்டுக்கட்டுவதுதான். ஒட்டு மாங்கன்று வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக, ஒரு பெயரில் உலகத்தில் எத்தனை ஆப்பிள் மரம் இருந்தாலும் அவையெல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்தான். யாரோ ஒருவர் அடுத்த மரத்தில் ஒட்டுக்கட்டும்வரை அந்த வகை உயிரோடு இருக்கும். ஒட்டுக்கட்டுவது நின்றுபோனால், கடைசி மரம் விழுகிற அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். மறுபடி விதையிலிருந்து வரவழைக்க முடியாது.

பிராம்லி ஆப்பிளின் கதை இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தின் சமையலறைகளில் ஆப்பிள் பணியாரம் என்றால் பிராம்லிதான். பச்சையாகத் தின்றால் பல் கூசும், சுட்டால் நுரைபோல் பொங்கிக் குழையும். நாட்டிங்ஹாம்ஷயரின் சௌத்வெல் என்ற சிற்றூரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி விதை போட்டு முளைத்த மரம் அது. 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற கறிக்கடைக்காரர் வாங்கினார். பத்தாண்டு கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரப் பையன் குச்சி கேட்டு வந்தபோது, தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் பழத்துக்கு என் பெயர்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தான் போட்ட விதை நாடே அறிந்த பழமாகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே மேரி ஆன் 1852இல் இறந்துபோனார். இன்று ஒவ்வொரு பிராம்லி மரமும் அந்தச் சிறுமியின் மரம்தான். பெயர் மட்டும் வேறொருவருடையது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொஞ்சம் கனக்கும்.

இந்த ஒட்டுமுறையில் ஒரு பழைய பயம் ஒளிந்திருந்தது. ஹெரிஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற பழ ஆராய்ச்சியாளர் 1790களில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒட்டுக்கட்டிய மரம் புதிதாகத் தெரிந்தாலும் அதன் வயது தாய்மரத்தின் வயதுதான். தாய்மரத்துக்குச் சாவு வந்தால் ஒட்டு மரங்களும் ஒவ்வொன்றாக நலிந்து போகும் என்றார் அவர். கோல்டன் பிப்பின், ரெட்ஸ்ட்ரீக் போன்ற பெயர்பெற்ற பழைய வகைகள் அப்போது தோப்புத் தோப்பாக நோயில் வாடிக்கொண்டிருந்தன. முதுமை என்று அவர் நினைத்தார். உண்மையில் மரப்பட்டையை அரிக்கும் நோயும், ஒட்டுக்குச்சி வழியாகவே பரவும் கிருமிகளும்தான் காரணம். நைட்டின் கணக்குப்படி எப்போதோ செத்திருக்க வேண்டிய கோல்டன் பிப்பின் இன்றைக்கும் புரோக்டேலில் காய்க்கிறது.

கருத்து தவறுதான், ஆனால் அதனால் விளைந்தது பெரிது. 1804இல் லண்டனில் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. 1811 முதல் 1838 வரை நைட்தான் அதன் தலைவர். பழையவை சாகப்போகின்றன, புதியவற்றைத் தேட வேண்டும் என்ற வேகத்தில் நாலா திசையிலிருந்தும் குச்சிகள் வரவழைக்கப்பட்டன. 1820களில் லண்டனின் மேற்குப் பக்கத்துச் சிஸிக்கில் சங்கத்தின் தோட்டம் உருவானது. இன்றைய தேசியத் தொகுப்பின் வேர் அங்கேதான்.

குச்சிகள் வந்து குவிந்ததும் வேறொரு தலைவலி தெரிந்தது. பெயர்! ஒரே ஆப்பிளுக்கு ஊருக்கு ஒரு பெயர். வேறு வேறு ஆப்பிளுக்கு ஒரே பெயர். விற்காத கன்றுக்குப் புதுப்பெயர் சூட்டி விற்கும் நாற்றங்கால்காரர்களும் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கி, நட்டு, ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு கேட்டது ஒன்று, காய்ப்பது வேறொன்று என்று தெரிந்தால் குடியானவர் என்ன செய்வார்? சிஸிக்கில் ராபர்ட் தாம்சன் என்பவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இதைப் பிரித்தார். மரத்தைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, பூவையும் இலையையும் பழத்தையும் ஒப்பிட்டு, இதுவும் அதுவும் ஒன்றே என்று குறிப்பதுதான் வேலை. 1826இல் வெளியான முதல் பட்டியலில் ஆப்பிள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல். பட்டியல் போட்டதன் நோக்கம் பெருமை பேசுவதற்கல்ல. எது வீண், எது இரட்டிப்பு, எதை விட்டுவிடலாம் என்று பார்ப்பதற்கு.

1883 அக்டோபரில் அதே சிஸிக்கில் தேசிய ஆப்பிள் மாநாடு நடந்தது. நாடெங்கிலும் இருந்து 10,000க்கும் அதிகமான தட்டுகளில் ஆப்பிள் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தபோது 1,500க்கும் மேற்பட்ட வகைகள். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் லிவர்பூலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே அளவு, ஒரே நிறம், மலிவு விலை. நம்மிடம் 1,500 வகை இருந்து என்ன பயன், நாலைந்து நல்ல வகையைத் தேர்ந்து எல்லோரும் அதையே பயிரிட்டால் போட்டியிடலாமே என்ற எண்ணம் அந்த மாநாட்டிலேயே பலமாக ஒலித்தது. அதற்கடுத்த நூறாண்டு நடந்ததெல்லாம் அந்த எண்ணத்தின் தொடர்ச்சி.

1904இல் சங்கத்தின் தோட்டம் சர்ரேயிலுள்ள விஸ்லிக்கு இடம் பெயர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் வேளாண் அமைச்சகத்தோடு சேர்ந்து அங்கே பழவகைச் சோதனைகள் தொடங்கின. விளைச்சல் எவ்வளவு, நோய் தாங்குமா, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், சந்தைக்குப் போகும் வழியில் நசுங்குமா என்று ஒவ்வொரு வகையையும் பல ஆண்டு பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். 1950களில் அமைச்சகம் அந்தச் சோதனை நிலையத்தை நேராகப் பழநாட்டின் நடுவிலேயே வைக்க முடிவுசெய்தது. புரோக்டேல் கதைக்குள் வருவது அப்போதுதான். விஸ்லி மரங்களிலிருந்து குச்சி வெட்டி புரோக்டேலில் ஒட்டுக்கட்டினார்கள். மரங்களை வேரோடு பெயர்த்துத் தூக்கிவரவில்லை. தொகுப்பு என்பதே கைமாறும் குச்சிகள்தானே.

குச்சி எந்த வேரில் ஏறுகிறது என்பதிலும் கென்ட்டின் கை இருக்கிறது. புரோக்டேலிலிருந்து அதிக தூரமில்லாத ஈஸ்ட் மாலிங்கில் 1913இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஐரோப்பாவில் ‘பாரடைஸ்’ என்ற ஒற்றைப் பெயரில் புழங்கிய குட்டை வேர்க்கன்றுகளை அங்கே ரொனால்ட் ஹட்டன் பிரித்து எண் கொடுத்தார். பெயர்க் குழப்பத்தைத் தாம்சன் மேலே தீர்த்தார் என்றால் ஹட்டன் அதை மண்ணுக்குக் கீழே தீர்த்தார். அவற்றில் எம்9 என்ற வேரில் ஒட்டிய மரம் ஆளுயரத்துக்குச் சற்று மேல்தான் வளரும், இரண்டு மூன்று ஆண்டிலேயே காய்க்கும். இன்று உலகத்தின் பெரிய ஆப்பிள் தோட்டங்களில் ஏணியே இல்லாமல் பழம் பறிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணமான வேர்களில் முக்கியமானது இது.

ஏணி என்றதும் செர்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கென்டில் செர்ரி மரம் மாடி வீட்டை மிஞ்சும். அடி அகன்ற நீண்ட மர ஏணியைச் சாத்தி, இடுப்பில் கூடை கட்டி ஏறுவார்கள். மரத்தடியில் ஆடு மேயும். பழம் சிவக்கும்போது பையன்கள் விடியற்காலையிலேயே வந்து தகரம் தட்டிப் பறவை ஓட்டுவார்கள். கூலியாள் குறைந்ததும் இந்தத் தோப்புகள்தான் முதலில் விழுந்தன. ஜெர்மனியில் உருவான கிசெலா என்ற குட்டை வேர் வந்தபிறகே, நெகிழிக் கூடாரத்துக்குள் ஆங்கிலேயச் செர்ரி மறுபடி தலையெடுத்தது. இப்போது அந்தப் பழத்தைப் பறிக்கிறவர்களில் பலர் பருவகால விசாவில் வெகுதூர நாடுகளிலிருந்து வருகிறவர்கள்.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயத் தோட்டங்களில் பெரும்பங்கு இரண்டே பெயர்களுக்குப் போனது. தின்பதற்கு காக்ஸ், சமைக்க பிராம்லி. காக்ஸ் ஆரஞ்சு பிப்பின், ஓய்வுபெற்ற பீர் ஆலைக்காரர் ரிச்சர்ட் காக்ஸ் 1820களில் கோல்ன்புரூக்கில் முளைக்க வைத்த மரம். மணம், புளிப்பு, இனிப்பு மூன்றும் அளவாக அமைந்த பழம், ஆனால் நோய்க்கு எளிதில் ஆளாகும். 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் பிரான்சிலிருந்து கோல்டன் டெலிசியஸ் பெருகி வந்தது. வெயில் நாட்டில் விளைந்து, ஒரு மரத்துக்குக் காக்ஸைவிட எவ்வளவோ அதிகமாகக் காய்த்த பழம். மலிவு, பளபளப்பு, ஆண்டு முழுவதும் கிடைக்கும். பேரங்காடிகளுக்கும் அதுதான் வசதி. ஒரே அளவுப் பழம் ஒரே தட்டில் அடுக்க வேண்டும் அல்லவா?

அதன்பின் மரம் வெட்டுவதற்கே பணம் கொடுத்தார்கள். விளைச்சல் மிஞ்சிவிட்டது என்று, பல கட்டங்களாக, தோப்பை அழிக்கும் குடியானவருக்கு உதவித்தொகை தரப்பட்டது. தாத்தா நட்ட மரத்தை வேரோடு பிடுங்கினால் ஏக்கருக்கு இவ்வளவு என்று காசோலை. வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விற்காத பழத்தை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் அதே அரசின் அதே அமைச்சகம் புரோக்டேலில் அதே வகைகளுக்குக் கவாத்து செய்துகொண்டும் உரம் போட்டுக்கொண்டும் இருந்தது. ஒரு கையால் வெட்டி மறு கையால் வளர்த்த காலம் அது.

காக்ஸை ஓரம்கட்டியவற்றில் இன்னொன்று காலா. நம்மூர்ப் பழக்கடைகளில் ‘ராயல் காலா’ என்று ஒட்டுத்தாளோடு இருக்கிறதே, அந்தக் குடும்பம். அதன் தாய்தகப்பனைப் பார்த்தால் கோல்டன் டெலிசியஸும் கிட்ஸ் ஆரஞ்சு ரெட்டும். இரண்டாவதாகச் சொன்னது நியூசிலாந்தில் ஜே. எச். கிட், காக்ஸையும் அமெரிக்க டெலிசியஸையும் சேர்த்து உண்டாக்கியது. ஆக, காலா காக்ஸின் பேரப்பிள்ளை. சென்னையிலோ மதுரையிலோ ஒரு ராயல் காலாவைக் கடிக்கிறவர், கோல்ன்புரூக் தோட்டத்தின் ஒரு கீற்றையும் சேர்த்துத்தான் கடிக்கிறார்.

1980களின் கடைசியில், சந்தைக்குப் புதுவகை தேடுவது அரசின் வேலையல்ல என்ற முடிவு வந்தது. புரோக்டேல் சோதனை நிலையத்தை மூடுவதாக அறிவித்தார்கள். மரங்களின் நிலை? அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த சார்லஸின் ஆதரவோடும் ஸ்வேல் உள்ளாட்சி மன்றம் தந்த கடனோடும் ஓர் அறக்கட்டளை 1990இல் பண்ணையை வாங்கியது. மரங்கள் அரசின் உடைமையாகவே இருந்தன. 2008 முதல் தொகுப்பின் அறிவியல் பொறுப்பை ரெடிங் பல்கலைக்கழகம் ஏற்றிருக்கிறது. அதே 1990இல் அக்டோபர் 21 அன்று, காமன் கிரவுண்ட் என்ற அமைப்பு லண்டனின் பழைய பழச்சந்தையான கோவன்ட் கார்டனில் முதல் ‘ஆப்பிள் நாள்’ நடத்தியது. சந்தை 1974இலேயே அங்கிருந்து காலிசெய்யப்பட்டிருந்தது. பழமே இல்லாத பழச்சந்தைக்கு ஒருநாள் பழம் திரும்பி வந்தது. அதிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் ஊர் ஊராக அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது சரியல்ல. வகைகளைக் காப்பாற்றுவது வேறு, தோப்பைக் காப்பாற்றுவது வேறு. பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1900களின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரம்பரியத் தோப்புகளில் 81 விழுக்காடு அழிந்துவிட்டது. பாரம்பரியத் தோப்பு என்றால் இடைவெளி விட்டு நட்ட உயர மரங்கள், அடியில் புல், புல்லில் ஆடு, பொந்து விழுந்த அடிமரம். அந்தப் பொந்தின் மக்கிய கட்டையில்தான் நோபிள் சேஃபர் என்கிற பச்சைப் பொன்வண்டு புழுவாக வளர்கிறது. புரோக்டேலில் பொந்து விழும்வரை மரத்தை விடமாட்டார்கள். முதுமை தட்டினால் புது மரத்தில் ஒட்டி, பழையதை எடுத்துவிடுவார்கள். தொகுப்புக்கு அதுதான் முறை. ஆகவே அங்கே பிப்பின் பிழைக்கும், பொன்வண்டு பிழைக்காது. பொன்வண்டு பிழைக்க ஊரூராகத் தோப்பு வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில் ஆபத்தும் உண்டு. தீக்கருகல் என்ற பாக்டீரியா நோய் ஐரோப்பாவில் முதன்முதலாகத் தலைகாட்டியது 1957இல், அதுவும் இதே கென்டில். பேரி மரத்தின் பூவும் தளிரும் நெருப்பில் பொசுக்கியதுபோல் கருகிவிடும். லாக்ஸ்டன்ஸ் சூப்பர்ப் என்ற பேரி வகை தாமதமாக இரண்டாம் முறை பூக்கும் பழக்கத்தால் இந்த நோய்க்கு வாசல் திறந்துவிட்டதால், அந்த மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. புரோக்டேலில் ஒரு வகைக்கு இரண்டே மரம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் செய்தியின் கனம் புரியும்.

சந்தையில் விற்காத 2,000 ஆப்பிளை எதற்காகக் கட்டிக்காக்க வேண்டும்? வெப்பமானிக்கு இங்கேதான் திரும்ப வேண்டும். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலம் ஒரு கடிகாரம். இத்தனை மணி நேரம் குளிர் பட்டது என்று மொட்டு எண்ணி முடித்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காக அவிழும். குளிர் போதாவிட்டால் பூ முன்னும் பின்னுமாக, அரைகுறையாக வரும். ஒன்றுக்கொன்று மகரந்தம் தரவேண்டிய மரங்கள் வெவ்வேறு நாளில் பூத்தால் காய் பிடிக்காது. மறுபக்கம், வசந்தம் சீக்கிரம் சூடேறினால் பூ முந்திக்கொள்ளும், பின்னால் வரும் ஒரே ஓர் இரவுப் பனியில் அந்த ஆண்டு மகசூலே போய்விடும். பல பத்தாண்டுப் பூப்புக் குறிப்புகளைப் பார்த்தால் மரங்கள் முன்னைவிட முன்னதாகப் பூக்கின்றன. ரெடிங் ஆய்வாளர்கள் புரோக்டேலிலேயே சில மரங்களைக் கூடாரத்துக்குள் வைத்து, வெப்பத்தைக் கூட்டி, எந்த வகை தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

குளிர்த் தேவை வகைக்கு வகை மாறும். பூக்கும் நாளும் மாறும். சில வாரங்கள் பிந்திப் பூக்கிற கோர்ட் பெண்டு பிளாட் போன்ற பழைய வகை, பனி போனபிறகுதான் கண் திறக்கும். ரோமானியர் காலத்திலிருந்தே இருக்கிறது என்று சிலர் சொல்கிற வகை அது. தோட்டக்காரர்கள் ‘சமயமறிந்த ஆப்பிள்’ என்றே அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சல் போதாது என்று ஒரு காலத்தில் தள்ளிவிட்ட குணம் இன்னொரு காலத்தில் தேவைப்படலாம். எந்தக் குணம் என்று இப்போதே சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள்.

பயன் மட்டும்தான் காரணமா என்றால், சுவையையும் நான் சேர்ப்பேன். கடை ஆப்பிளை மட்டும் தின்று வளர்ந்தவர்களுக்கு ஆப்பிளுக்குப் பருவம் உண்டு என்பதே மறந்துவிட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பியூட்டி ஆஃப் பாத். பழுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், அடிபடாமல் இருக்க மரத்தடியில் வைக்கோல் பரப்புவார்கள். செப்டம்பரில் வுஸ்டர் பியர்மெயின். அக்டோபரில் காக்ஸ். எஸ்ஸெக்ஸின் டார்சி ஸ்பைஸை நவம்பர்வரை பறிக்காமல் விட்டுவைப்பது வழக்கம். வைத்திருந்து அடுத்த வசந்தத்தில் தின்றால் வாசனைப் பொருள் கலந்த சுவை. முந்நூறு ஆண்டுப் பழைய ஆஷ்மீட்ஸ் கெர்னல் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். கடையில் யாரும் கையில்கூட எடுக்கமாட்டார்கள். தின்று பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

இங்கிலாந்தில் இன்னும் எத்தனையோ பேரின் கொல்லையில் பெயர் தெரியாத ஒரு மரம் நிற்கிறது. இலையையும் பழத்தையும் அனுப்பிப் பெயர் கேட்கிறார்கள். இப்போது இலையிலிருந்து மரபணுக் கைரேகை எடுத்து, புரோக்டேல் மரங்களின் கைரேகையோடு ஒப்பிடலாம். தாம்சன் ஆண்டுக்கணக்கில் பார்த்த வேலை சில வாரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் கண்ணும் நாக்கும் தெரிந்த பழவியலாளர்களுக்கு வேலை போய்விடவில்லை. மூன்று நான்கு பழத்தை வரிசையாக வைப்பார்கள். காம்பு நீளமா குட்டையா, அடிப்பக்கக் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, தோலில் சொரசொரப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஒன்றை நெடுக்காகவும் ஒன்றைக் குறுக்காகவும் அறுத்து விதைக்கூட்டின் வடிவத்தையும் விதையின் நிறத்தையும் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார்கள். சிலவற்றுக்குப் பெயர் உடனே கிடைக்கும். சில பழங்கள், எந்தப் பட்டியலிலும் எந்தக் கைரேகையிலும் பொருந்தாது. அப்படிப்பட்ட மரமென்றால், இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கும் ஜனவரியில் யாராவது போய், பென்சில் தடிமனில் ஒரு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவர வேண்டும்.